20 மி.கி. போட்டும் கேட்கவில்லை: முடக்குவாதத்தில் ஸ்டீராய்டு பலிக்காமல் போவது ஏன்?

#1 தாமிரபரணி_மகள் | மார்ச் 3, 2024, இரவு 9.40

வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. முடக்குவாதம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் பாசிட்டிவ். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், வைசோலோன் (பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு) 5 மி.கி. என்று இத்தனை காலம் ஓட்டிவிட்டார். கோலம் போடுவார், தோசை சுடுவார், பேரனைத் தூக்குவார்.

ஜனவரி கடைசியிலிருந்து எல்லாம் தலைகீழ். காலையில் விரல் மடங்கவே பத்து மணி ஆகிறது. இரண்டு மணிக்கட்டும் பூரி மாதிரி உப்பிக் கிடக்கின்றன. உள்ளூர் டாக்டர் வைசோலோனை 10 ஆக்கினார், பிறகு 20. மூன்று வாரமாக 20 போகிறது. துளி மாற்றம் இல்லை. அழற்சியைக் காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை 48. மெத்தோட்ரெக்ஸேட்டை ஜனவரியில் நிறுத்தியாயிற்று, கல்லீரலுக்கு ஆகாது என்றார்கள்.

"உடம்பு ஸ்டீராய்டுக்குப் பழகிப்போச்சு, இனி கேட்காது" என்கிறார் அத்தை. தேடிப் பார்த்தால் 'ஸ்டீராய்டு ரெசிஸ்டன்ஸ்' என்று ஏதேதோ வருகிறது. அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டா? 30, 40 என்று ஏற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா? ருமடாலஜிஸ்டை (மூட்டுவாத நிபுணர்) பார்க்க மார்ச் 22தான் தேதி கிடைத்திருக்கிறது.

#2 கண்காணிப்பாளர் | மார்ச் 3, இரவு 10.05

வழக்கமான வேண்டுகோள்தான். இழையில் படித்ததை வைத்து யாரும் ஸ்டீராய்டை ஏற்றவோ இறக்கவோ வேண்டாம். டாக்டர் பெயர், ஆஸ்பத்திரி பெயர் போடாதீர்கள்.

#3 வைகறை | மார்ச் 3, இரவு 11.12

தங்கச்சி, எனக்கும் இதே கதை நடந்தது. ஆனால் காரணம் வேறு. 2016இல் ஒருவர் தந்த மூட்டுவலிப் பொடியை ஏழு மாதம் சாப்பிட்டேன். 'சுத்த மூலிகை' என்று சொல்லித்தான் கொடுத்தார். முதல் வாரமே வலி பறந்துவிட்டது. பசி என்றால் அப்படியொரு பசி. முகம் நிலா மாதிரி ஆனது. பொடி தீர்ந்தபோது படுக்கையை விட்டு எழ முடியவில்லை, வாந்தி, மயக்கம். உள்ளே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதன்பிறகு அவர் எழுதிய 5 மி.கி. எனக்குத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. மருந்து கேட்கவில்லை என்றே நானும் நினைத்தேன். ஏழு மாதம் எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாத உடம்புக்கு 5 எங்கே போதும்? அம்மா வேறு ஏதாவது லேகியம், பொடி சாப்பிடுகிறாரா?

#4 தாமிரபரணி_மகள் | மார்ச் 4, காலை 6.30

இல்லை அக்கா. அம்மாவுக்குப் பொடி, கஷாயம் எதிலும் நம்பிக்கை கிடையாது.

#5 பத்து_வருச_வாதம் | மார்ச் 4, காலை 8.15

ரெசிஸ்டன்ஸ் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் நான்தான்.

எனக்கு 40 மி.கி. போட்டும் வீக்கம் இறங்கவில்லை. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா? சாப்பிடாமல் இருப்பவர்கள் இருக்கலாம். சாப்பிட்டும் வலிக்கிறவனுக்கு அந்தக் கேள்வி செருப்படி மாதிரி இருக்கும். கடைசியாக ஒருவர் அல்ட்ராசவுண்டில் மூட்டின் உட்சவ்வைப் பார்த்தார். ரத்த ஓட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. நோய் நிஜமாகவே எரிகிறது, மருந்துதான் எட்டவில்லை என்று அப்போது உறுதியானது. அதன்பிறகு லெஃப்ளுனோமைடு, அடாலிமுமாப், டோஃபாசிட்டினிப் மூன்றும் தோற்று, ரிட்டுக்ஸிமாப்பில்தான் நிமிர்ந்தேன்.

இதற்கு 2021இல் ஐரோப்பிய ருமட்டாலஜி கூட்டமைப்பான யூலார் ஒரு வரையறையே வெளியிட்டிருக்கிறது. வெவ்வேறு வழியில் வேலை செய்யும் இரண்டு உயிரியல் மருந்துகளாவது அல்லது ஜாக் என்ற நொதியைத் தடுக்கும் மாத்திரைகளாவது தோற்றிருக்க வேண்டும், கூடவே நோய் அடங்காததற்கான அடையாளம் இருக்க வேண்டும். பிரெட்னிசோலோனை 7.5 மி.கி.க்குக் கீழே இறக்க முடியாமல் இருப்பது அந்த அடையாளங்களில் ஒன்று. 'சிகிச்சைக்குச் சவாலான முடக்குவாதம்' என்று நான் சொல்லிக்கொள்வேன். 'நோயாளி சரியில்லை' என்பதைவிட இது மரியாதையான பெயர்.

#6 ஆய்வகப்_பூனை | மார்ச் 4, பகல் 1.50

மருந்தியல் பாடம் எடுப்பவன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

'பழகிப்போச்சு' என்ற அத்தையின் பேச்சை அப்படியே தள்ள முடியாது. பிரிட்டனில் நடந்த ஒரு ஆய்வு 1995இல் வெளியானது. முடக்குவாதம் வந்து அதிக நாள் ஆகாத 128 பேர், சிலருக்குத் தினமும் 7.5 மி.கி. பிரெட்னிசோலோன், சிலருக்கு வெற்று மாத்திரை, இரண்டு வருடம். ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு மூட்டு எலும்பு அரிக்கப்படுவது நன்றாகவே மட்டுப்பட்டது. ஆனால் வலியில் முதலில் தெரிந்த வித்தியாசம் நாளாக ஆக மங்கிவிட்டது. நோயாளி 'கேட்கவில்லை' என்று நினைக்கும் நேரத்தில் எக்ஸ்ரேயில் அது கேட்டுக்கொண்டிருந்தது. எல்லா ஆய்விலும் இப்படி வரவில்லை. 2022இல் வந்த குளோரியா ஆய்வில் 65 வயது தாண்டிய 451 பேர் சேர்ந்தார்கள். அதில் 5 மி.கி.யின் பலன் இரண்டு வருடம் வரை தாக்குப்பிடித்தது, பதிலுக்குத் தொற்றுகள் கூடின.

இனி செல்லுக்குள் போவோம். ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து அங்கே காத்திருக்கும் ஒரு ஏற்பிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஜோடியாக உட்கருவுக்குப் போய், அழற்சியைத் தூண்டும் என்எஃப் கப்பா பி போன்ற கட்டளைகளை அமுக்குகிறது. இந்தப் பாதையில் பல இடத்தில் தடங்கல் வரலாம். அந்த ஏற்பிக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வடிவம் உண்டு. பீட்டா ஸ்டீராய்டைப் பிடிக்காது, ஆல்ஃபாவையும் வேலை செய்ய விடாது. அழற்சி முற்றும்போது பி38 என்ற நொதி ஏற்பியின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதை மந்தப்படுத்திவிடும். சில செல்களின் வாசலில் பி கிளைக்கோபுரதம் என்ற பம்பு நின்று, வந்த மருந்தை வெளியே தள்ளும். எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது எம்ஐஎஃப் என்ற புரதம்தான். ஸ்டீராய்டே அதைச் சுரக்க வைக்கும், அது ஸ்டீராய்டின் வேலையையே கெடுக்கும். கூலி கொடுத்து எதிரியை வேலைக்கு வைத்த மாதிரி.

இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து 'உங்களுக்கு ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது' என்று சொல்லும் வழக்கமான பரிசோதனை கிடையாது. பிறவியிலேயே ஏற்பி மரபணு பழுதாகி உடம்பு முழுக்க ஸ்டீராய்டு கேட்காத நோய் ஒன்று உண்டு, அது மிக மிக அபூர்வம். முடக்குவாதத்தில் நாம் பேசுவது அதை அல்ல. இங்கே மூட்டில் அழற்சி நடக்கும் செல்கள்தான் காதைப் பொத்திக்கொள்கின்றன. எலும்பு, கணையம், தோல், கண் இவையெல்லாம் நன்றாகவே கேட்கும். அதனால்தான் 30, 40 என்று ஏற்றுவது ஆபத்து. மூட்டு அடங்காது, சர்க்கரை ஏறும், எலும்பு கரையும்.

சரி, ஒரு கேள்வி. 20 மி.கி. தொடங்கியபின் அம்மாவுக்கு முகம் உப்பியதா? பசி கூடியதா? தூக்கம் கெட்டதா? சர்க்கரை பார்த்தீர்களா?

#7 தாமிரபரணி_மகள் | மார்ச் 4, மாலை 5.20

சார், நீங்கள் கேட்ட எதுவுமே இல்லை. முகம் ஒடுங்கித்தான் போயிருக்கிறது. சாப்பாடு இறங்குவதில்லை. போன வாரம் வெறும் வயிற்றில் சர்க்கரை 92. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்கிறார்.

#8 ஆய்வகப்_பூனை | மார்ச் 4, மாலை 6.02

அப்படியென்றால் எனக்குச் சந்தேகம் வேறு பக்கம் போகிறது. இது உறுதியான சோதனை அல்ல, மூன்று வாரத்தில் எல்லோருக்கும் முகம் உப்பிவிடாது. ஆனாலும் மூட்டும் கேட்கவில்லை, மற்ற உறுப்புகளும் கேட்டதாகத் தெரியவில்லை என்றால், செல்லைக் குறை சொல்லும் முன் ஒன்று கேட்க வேண்டும். மருந்து ரத்தத்தில் இருக்கிறதா?

#9 மருந்துக்கடை_அண்ணாச்சி | மார்ச் 4, இரவு 8.45

பூனை சார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். முப்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன், எனக்குச் செல்லெல்லாம் தெரியாது, சீட்டு தெரியும்.

ம்மா, முதல் பதிவில் ஒரு வரி உறுத்துகிறது. ஒன்பது வருடம் சாப்பிட்ட மெத்தோட்ரெக்ஸேட்டைக் கல்லீரல் பேரைச் சொல்லி நிறுத்தச் சொன்னது யார்? ருமடாலஜிஸ்டா? இல்லையென்றால் கல்லீரலைப் பாடுபடுத்தும் வேறு மாத்திரை எதுவும் புதிதாகத் தொடங்கினார்களா? வலிப்பு மாத்திரை ஏதாவது? அப்புறம், தப்பாக நினைக்காதே, அம்மாவுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதா?

#10 புறநகர்_கணபதி | மார்ச் 4, இரவு 9.30

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? இங்கிலீஷ் மருந்தே சூடு. கத்தரிக்காய், உருளைக்கிழங்கை நிறுத்தி, முடக்கத்தான் தோசை சாப்பிட்டால் தானாகச் சரியாகும்.

#11 வைகறை | மார்ச் 4, இரவு 9.41

கணபதி சார், முடக்கத்தான் தோசை எங்கள் வீட்டிலும் வாரம் ஒரு நாள் உண்டு. தொட்டுக்கொள்ள மெத்தோட்ரெக்ஸேட்டும் உண்டு. தலை சுற்றுகிற அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் பொறுங்கள்.

#12 தாமிரபரணி_மகள் | மார்ச் 5, அதிகாலை 12.15

அண்ணாச்சி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆமாம். ஆரஞ்சு நிறத்தில்தான் போகிறது. டிசம்பரில் அம்மாவின் கழுத்தில் நெறி கட்டியது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் காசநோய் என்று வந்தது. ஜனவரி 10 முதல் தினமும் டிபி மாத்திரை சாப்பிடுகிறார். மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தச் சொன்னது அங்கேதான். அக்கம்பக்கத்தில், சொந்தத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டார். தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. வைசோலோனை ஏற்றிய டாக்டர் அப்பாவின் கூட்டாளி, அதனால் அவரிடமும் சொல்லவில்லை. ருமடாலஜிஸ்டை நவம்பருக்குப் பிறகு பார்க்கவே இல்லை. இங்கே எழுதும்போதும் அதனால்தான் விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

#13 மருந்துக்கடை_அண்ணாச்சி | மார்ச் 5, காலை 6.10

மன்னிப்பெல்லாம் எதற்கும்மா. கழுத்து நெறியில் வரும் டிபி சாதாரணமாக அடுத்தவருக்கு ஒட்டாது, நுரையீரலில் இல்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை என்று அம்மாவுக்குச் சொல்.

விஷயம் இதுதான். அந்த ஆரஞ்சு நிறம் டிபி மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசினால் வருவது. அது கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். பிரெட்னிசோலோன் அதில் சிக்கினால் பாதிக்கும் மேல் வீணாகிவிடும். அம்மா 20 விழுங்குகிறார், ரத்தத்துக்குப் போய்ச் சேருவது 10 கூட இருக்காது. மெத்தோட்ரெக்ஸேட்டும் நின்றுபோயிற்று. மூட்டு எரியாமல் என்ன செய்யும்? ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டால் என்று வலிப்பு மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும், அதனால்தான் அதையும் கேட்டேன்.

தலைசுற்றலைத் தள்ளிப்போடாதே. 22ஆம் தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம்.

#14 ஆய்வகப்_பூனை | மார்ச் 5, காலை 7.25

அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு. ரிஃபாம்பிசின் பிரெட்னிசோலோனை இப்படிக் கரைப்பதை 1983லேயே அளந்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். என் மாணவர்களுக்கு வருடாவருடம் சொல்கிறேன், இங்கே எனக்கே முதலில் தோன்றவில்லை. செல்லுக்குள் பாய்ந்துவிட்டேன்.

தலைசுற்றல் ஏன் முக்கியம் என்றால், ஒன்பது வருடம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி சோம்பிப் போயிருக்கும். வெளியிலிருந்து வருவதையும் ரிஃபாம்பிசின் தின்றுவிட்டால் உடம்புக்கு அடிப்படைத் தேவைக்கே பற்றாமல் போகலாம். பசியின்மை, குமட்டல், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் அதன் அடையாளங்கள். டிபியாலும் பசி குறையும், எடை இறங்கும். எது எது என்று டாக்டர்தான் பிரிக்க வேண்டும். வாந்தி நிற்காமல் போனாலோ, மயங்கினாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், "ஸ்டீராய்டு நோயாளி" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இரண்டு மருந்தில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டிபி மாத்திரையை முக்கியமாக.

#15 ஈலிங்_இட்லி | மார்ச் 5, காலை 11.30

இங்கே லண்டனில் நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் பையில் ஒரு அவசர அட்டை வைத்திருப்போம், 2020இல் இருந்து கொடுக்கிறார்கள். அதே மாதிரி ஒரு சீட்டைக் கையால் எழுதி அம்மாவின் பர்சில் வைத்துவிடுங்கள். தமிழிலும் இங்கிலீஷிலும்.

#16 பத்து_வருச_வாதம் | மார்ச் 5, பகல் 12.40

காரணம் கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளை ஒருவர் "பார்த்தாயா, ரெசிஸ்டன்ஸ் என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் நோயாளி மறைப்பதால் வருவது" என்று முடிவு கட்டிவிடக்கூடாது. எனக்கு டிபி இல்லை, வலிப்பு இல்லை, பொடி இல்லை.

#17 ஆய்வகப்_பூனை | மார்ச் 5, பகல் 2.15

நியாயமான பேச்சு. வரிசைதான் முக்கியம் என்பது என் கட்சி. மருந்து வயிற்றுக்குள் போகிறதா, ரத்தத்தில் நிற்கிறதா, வலிப்பது அழற்சியாலா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய சேதத்தால் தேய்ந்துபோன முழங்காலுக்கு ஸ்டீராய்டு என்ன செய்யும்? உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா சேர்ந்திருந்தால் இருபது மூட்டைத் தொட்டாலும் வலிக்கும், வீங்கியிருப்பது இரண்டுதான் இருக்கும். இதையெல்லாம் தாண்டியும் வீக்கம் நின்றால் அது உங்கள் ரகம். அங்கேயும் ஸ்டீராய்டை ஏற்றிக்கொண்டே போவது வழி ஆகாது, மெத்தோட்ரெக்ஸேட் போன்ற அடிப்படை மருந்தை மாற்றுவதுதான் வழி. யூலாரின் 2022 பரிந்துரையே ஸ்டீராய்டைக் குறுகிய காலத்துக்குக் கொடுத்து எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் குறைத்து நிறுத்துங்கள் என்கிறது. அமெரிக்கக்காரர்கள் 2021இல் இன்னும் கறார், முடிந்தால் தொடங்கவே வேண்டாம் என்கிற பக்கம்.

விஷயத்தை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். ஸ்டீராய்டு போட்டால் உடனே சரியாகிவிடும் என்ற ஆசை எங்கே தொடங்கியது என்றால், 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் ராச்செஸ்டரில். மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் 29 வயதுப் பெண் ஒருவருக்கு அப்போது 'காம்பவுண்ட் ஈ' என்று அழைத்த கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 100 மி.கி. ஊசியாகப் போட்டார். படுக்கையில் கிடந்தவர் சில நாளில் நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது, தொடர்ந்தால் பக்கவிளைவுகள் வந்தன. அந்த முதல் வாரத்து அதிசயத்தைத்தான் இன்றைக்கும் ஒவ்வொரு நோயாளியும் எதிர்பார்க்கிறார், ஒவ்வொரு போலிப் பொடியும் விற்கிறது.

#18 தாமிரபரணி_மகள் | மார்ச் 9, இரவு 8.00

வியாழக்கிழமையே போய்விட்டோம். ருமடாலஜிஸ்டிடம் டிபி ஃபைலை வைத்தேன். அம்மா என்னை முறைத்தார். டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுவே அம்மாவை அழ வைத்துவிட்டது.

ரத்த அழுத்தம் படுத்திருக்கும்போது 110, நின்றால் 86. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். இப்போது பிரெட்னிசோலோன் 30, காலையிலும் மாலையிலுமாகப் பிரித்து. "இது நோய்க்காக ஏற்றியது இல்லை, ரிஃபாம்பிசின் வீணாக்குவதை ஈடுகட்ட ஏற்றியது" என்று அவரே சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு டாக்டர்களும் போனில் பேசிக்கொண்டார்கள்.

நேற்று காலை அம்மா ஜடை பின்னிக்கொண்டார். தானாகவே.

#19 வைகறை | மார்ச் 9, இரவு 8.14

அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தேன்.

#20 மருந்துக்கடை_அண்ணாச்சி | மார்ச் 9, இரவு 9.05

டிபி கோர்ஸ் முடியும் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வை. ரிஃபாம்பிசின் நின்ற பிறகு அந்த நொதிகள் அடங்க இரண்டு வாரம் போல ஆகும். அதற்குள் ஸ்டீராய்டைக் குறைக்கத் தொடங்கவில்லை என்றால் இன்று பத்தாத அதே அளவு அன்றைக்கு மிஞ்சிப்போகும். முடியும் முன்பே டாக்டரிடம் அட்டவணை வாங்கிக்கொள்.

#21 தாமிரபரணி_மகள் | ஜூலை 28, 2024, மாலை 4.30

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். டிபி மாத்திரை ஜூலை 9இல் முடிந்தது. மே மாதமே, கல்லீரல் பரிசோதனை பார்த்துக்கொண்டு, மெத்தோட்ரெக்ஸேட்டைச் சிறிய அளவில் மறுபடி தொடங்கியிருந்தார்கள். மூட்டு அடங்க அடங்க ஸ்டீராய்டையும் குறைத்து, ஜூன் கடைசியில் 15க்கு வந்திருந்தோம். அண்ணாச்சி சொன்னது அப்படியே நடந்தது. மாத்திரை நின்ற பத்தாவது நாள் அம்மாவுக்குச் சர்க்கரை 186, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து முறுக்கு டப்பாவைத் தேடினார். அட்டவணைப்படி இறக்கி இப்போது 7.5. ஒரு மணிக்கட்டில் மட்டும் கொஞ்சம் வீக்கம். தங்கைக்கு நிச்சயமாகிவிட்டது, கோலம் அம்மா போட்டதுதான்.

ஒரு சந்தேகம். அடுத்த வாரம் முதல் வைசோலோன் 5 என்று அட்டவணையில் இருந்தது. நேற்றுச் சீட்டில் அதற்குப் பதில் டெஃப்ளாசகார்ட் 6 மி.கி. என்று இருக்கிறது. 5 போய் 6 ஆகிவிட்டதே, ஏற்றிவிட்டார்களா?

#22 மருந்துக்கடை_அண்ணாச்சி | ஜூலை 28, மாலை 5.10

ஏற்றவில்லைம்மா. டெஃப்ளாசகார்ட்டும் ஸ்டீராய்டுதான், அதில் 6ம் வைசோலோனில் 5ம் ஒரே பலம்தான். வீட்டில் மீதி இருக்கும் வைசோலோன் அட்டையை மட்டும் எடுத்துத் தனியாக வை, இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடப் போகிறார்.